பொட்டு அழிந்த சுவிட்ச்

ஆரணி சோலார் ஆபீசில் இப்போது யாரும் மலை ஏறுவதில்லை. ஜவ்வாது மலையில் ஏதோ ஓர் ஊரில் பேட்டரி இளைத்தால், இங்கே மேசைமேல் இருக்கிற கைப்பேசி கூவுகிறது. வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறுகையால் திரையைத் தடவிப் பார்த்து, எந்த ஊர், எந்த பேட்டரி என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் முழங்கால் இரண்டும் அந்த மலையில்தான் தேய்ந்தன.

ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது அந்த ஆபீசில் போய் உட்கார்ந்து அவர்களைப் பேஜார் பண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "போன் சொல்லாத காலத்துல, கரண்ட் எங்க போவுதுன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?"

"குங்குமப் பொட்டு சொல்லுச்சு," என்றேன்.

கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். நான் விட்டது கதை இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படிப்பு, கண்ணமங்கலத்தில் மோட்டார் கட்டுகிற கடையில் எடுபிடி, பிறகு ஆரணியிலேயே வீட்டு ஒயரிங், பவர்லூம் மோட்டார் ரிப்பேர். இத்தனை வருஷங்களும் ஒரு வரிக்குமேல் தாங்காது. மின்கம்பம் போகாத ஊர்களுக்குச் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் கொடுக்கிற ஒரு நிறுவனம், எங்கள் ஊரில் ஒரு பட்டு வியாபாரியின் மாடியை வாடகைக்குப் பிடித்தது. ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். "வெயில்ல லைட்டு எரியுமாம், இவன் அத நம்பிகினு போறான்," என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். கடைசிவரை அவருக்கு என் வேலையில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் வீட்டில் பவர்கட் வந்தால் மட்டும், "எங்கடா உன் வெயிலு?" என்று கேட்பார்.

அந்த மாடியில்தான் ஜெயபால் சார் இருந்தார். எனக்கு மேலதிகாரி. நெட்டையான மனிதர். பேச்சு குறைவு. சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். அவரிடம் வேலை கற்றவர்களுக்கு இரண்டு விஷயங்கள் மறக்காது.

ஒன்று, அவர் பேட்டரி பார்க்கிற விதம். அமிலம் ஊற்றுகிற பெரிய பேட்டரிகள் அவை. அமிலத்தின் அடர்த்தியை உறிஞ்சிப் பார்க்கிற கண்ணாடிக்குழாய் ஒன்று உண்டு. உள்ளே ஒரு மிதவை இருக்கும். மிதவை மேலே நின்றால் பேட்டரிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, தாழ்ந்தால் இளைத்துவிட்டது என்று பொருள். ஆபீசில் அந்தக் குழாய்கள் பெட்டி நிறையக் கிடக்கும். அவர் தன்னுடையதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தன் பையில்தான் வைத்திருப்பார், யாருக்கும் தரமாட்டார். பேட்டரிக்குள் இருக்கிற செல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். நடுவில் யாராவது பேசினால் முதல் செல்லிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். நாங்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வோம்.

இரண்டாவது, ஓர் ஊரில் வேலை முடிந்து முதன்முதலாக விளக்குப் போடுகிற நேரத்தில் அவர் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். சுவிட்ச்சைத் தொடமாட்டார், எங்களையும் தொடவிடமாட்டார். அந்த வீட்டுக்காரர்கள்தான் அழுத்த வேண்டும். "கரண்ட் குடுக்க வந்தோம்" என்று எங்களில் யாராவது சொல்லிவிட்டால் போதும். "நீயா குடுக்கற? வெயில் குடுக்குது. நீ ஒயர் இழுக்கறவன்," என்பார். வேலை முடிந்துவிட்டது என்றும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "மழைக்காலத்துல வந்து பாப்போம்" என்பார், அவ்வளவுதான்.

அவரிடம் நான் முதலில் வாங்கிய பாடம் மலையில் இல்லை, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே. வந்தவாசி ரோட்டில் வயல் நடுவே ஒரு தறிக்கொட்டகை. கம்பம் வர வழியில்லாத இடம். கூரைமேல் சோலார் பேனல் வைத்து, தறிக்குமேல் விளக்குப் போட்டுக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் விளக்கு எரியவில்லை என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், பேனலின்மேல் பழைய சேலை ஒன்றை நான்கு மூலையிலும் கல் வைத்து இழுத்துப் போர்த்தியிருக்கிறார்கள்.

அந்த வீட்டு அம்மா அமைதியாகச் சொன்னார்: "புதுப் பொருளுங்களே. காலைலேருந்து வெயில்ல காஞ்சிகினு கெடக்குது. கலர் வெளுத்துடாதா?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சார் சிரிக்கவில்லை. சாயம் போட்ட பட்டு நூலை எங்கே காயவைப்பீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டார். கொட்டகைக்குப் பின்னால் நிழலில் கட்டியிருந்த கொடியை அவர் காட்டினார். சாயநூலில் வெயில் படக்கூடாது. ஆரணியில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்தான், ஆனால் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"இது வெயில் குடிக்கற சரக்கும்மா," என்றார் சார். "பட்டுக்கு நெழலு எப்படியோ, இதுக்கு வெயிலு அப்படி." அந்த அம்மா உடனே சேலையை எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தப்பு இருக்கும்பா. அந்த ஊரு ஆளுங்கதான் அதச் செய்ய முடியும். சிரிச்சிகினு இருந்தா அது கண்ணுக்குத் தெரியாது."

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற ஊரில் எங்களைக் காப்பாற்றியது இந்தப் பேச்சுதான்.

அந்த ஊரை மேல்காடு என்று வைத்துக்கொள்வோம். போளூரிலிருந்து மலைப்பாதையில் பஸ் போகிறவரை போய், பிறகு நடக்க வேண்டும். பேனல்களைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோனோம். ஒரு பேட்டரியை நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கினோம். ஊர் நடுவே ஒரு சின்ன அறை கட்டி, எல்லா பேட்டரிகளையும் அதில் வைத்து, அங்கிருந்து வீடுகளுக்கு ஒயர் இழுத்தோம். பொழுது சாய்ந்ததும் வீட்டு லைனுக்குக் கரண்ட் தானாகப் போகும், விடிந்ததும் தானாக நின்றுவிடும். பகலில் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்குத் தனி லைன். வீட்டுக்கு இரண்டு விளக்கு: சமையல் பக்கம் ஒன்று, முன்னறையில் ஒன்று. முன்னறை விளக்கை எங்கே போடுவது என்று கேட்டபோது, எல்லா வீட்டிலும் ஒரே இடத்தைக் காட்டினார்கள். சுவரில் அகல் வைக்கிற மாடத்துக்கு நேர்மேலே. எங்களுக்கும் அது வசதியான இடம்தான், போட்டோம்.

முதல் விளக்குப் போட்ட அன்று ஊர்ப் பெரியவர் பெரியதம்பி வீடுவீடாக வந்தார். வீட்டுக்காரர் சுவிட்ச்சை அழுத்துவார், விளக்கு எரியும், பெரியதம்பி அந்த சுவிட்ச்சின் மேலேயே சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைப்பார். எல்லா வீட்டிலும், எல்லா சுவிட்ச்சிலும் பொட்டு. ஜெயபால் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் கூடவே நடந்தார். ஒரு பெண் விளக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். 

பகல் லைனை முதலில் கேட்டவள் செல்வி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சில வருஷம் தைத்துவிட்டு ஊர் திரும்பியவள். புருஷன் கரும்பு வெட்டப் போய் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார். கையில் இருந்ததைப் போட்டு மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றை வாங்கி மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். மலைமேல் இருக்கிற விடுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அதற்குமுன் அந்தத் துணி மூட்டை மூட்டையாகக் கீழே போளூருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. இனி அது வேண்டாம். அவளும் திருப்பூருக்குத் திரும்ப வேண்டாம்.

வெயில் இருந்தவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. ஐப்பசி மழை பிடித்தது. ஊர் மேகத்துக்குள் போய்விட்டது. ஒருநாள் பெரியதம்பி நனைந்துகொண்டே ஆரணி ஆபீஸ் மாடி ஏறி வந்தார்.

"சோறு வடிக்கறதுக்குள்ள லைட்டு போயிடுதுங்க. பழையபடி சீமெண்ணதான். அந்தத் தையக்காரி மோட்டார் போட்டு மொத்தக் கரண்டையும் குடிச்சிடறா. ஜல்தியா அவ லைன வெட்டுங்க, இல்லன்னா ஊரு தாங்காது."

மேலிடத்துக்கு இந்தச் சேதி போனது. அவர்களுக்கு மலையும் தெரியாது, செல்வியும் தெரியாது. மோட்டார் லைனைத் துண்டித்துவிடு, அப்படியும் பேட்டரி இளைத்தால் மொத்தத்தையும் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டார்கள். நானும் சாரும் கிளம்பினோம். ஒயர் வெட்டுகிற கட்டிங் பிளேயர் என் பையில் இருந்தது. மழையில் வழுக்குகிற பாதையில் ஏறும்போது வெறுத்த அளவுக்கு அந்தப் பையை என் வாழ்க்கையில் என்றும் வெறுத்ததில்லை.

செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"வெட்டத்தான் வந்தீங்களா?"

"பாக்க வந்தோம்மா," என்றார் சார்.

"வெட்டிட்டா சொல்லிடுங்க. இந்த மாசத் துணிய அளவு எடுத்து வெட்டி வெச்சிட்டேன். கால்ல மிதிச்சித் தெச்சா பொங்கலுக்குள்ள முடியாது. பள்ளிக்கூடத்துல வேற ஆளப் பாத்துடுவாங்க. நான் மறுபடியும் திருப்பூர் பஸ்ஸு ஏறணும்." அழவில்லை. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

சார் நேராக பேட்டரி அறைக்குப் போனார். வேட்டித் துணியைப் பிரித்துக் குழாயை எடுத்தார். ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார். வாசலில் ஊரே நின்றது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் குழாயைக் கழுவி, துடைத்து, சுற்றி, பையில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். "ஒரு செல்லு கெட்டுப்போவல. எல்லாம் ஒரே மாதிரி இளைச்சிருக்கு. யாரோ தெனமும் அடிவரைக்கும் இறைச்சிகினு இருக்காங்க."

"அதாங்க நாங்க சொல்றோம், மோட்டாரு," என்றது கூட்டம்.

செல்வியின் மெஷினை ஓடவிட்டு நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு பகல் முழுக்க அது ஓடினாலும் தின்பது கொஞ்சம்தான். மழை மூடின நாட்களில் அவளே மோட்டாரை நிறுத்திவிட்டுக் காலால் மிதிக்கிறாள். கணக்குப் போட்டு எல்லோருக்கும் சொன்னேன். யார் கேட்டார்கள்? மோட்டார் டர்ரென்று சத்தம் போடுகிறது. விளக்கு சத்தமே போடுவதில்லை. சத்தம் போடுகிறதுதானே சாப்பிடுகிறது என்பது அவர்களுடைய நியாயம். மெஷினை மாமியார்க்காரிமாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

சார் என்னைத் தனியாக அழைத்தார். "ஒரு ஒயர வெட்டறதுக்கு முன்னாடி எல்லா ஒயரையும் பாத்துடணும். வீடுவீடா போ. யாரையும் ஒண்ணும் கேக்காத. கேட்டா கூச்சப்படுவாங்க, கூச்சப்பட்டா மறைப்பாங்க. சும்மா உக்காந்து பாரு."

முதலில் பெரியதம்பி வீட்டுக்குப் போனேன். நனைந்து வந்திருக்கிறான் என்று அவர் மனைவி சூடாகச் சாமைக் கஞ்சி கொடுத்தார். முன்னறையில் மாடத்துக்கு எதிரே உட்கார்ந்து குடித்தேன். எதிரே சுவரில் சுவிட்ச். அதன்மேல் பொட்டு. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் கருத்துப்போயிருந்தது. ஆனால் வட்டம் குலையாமல் அப்படியே இருந்தது. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டம்ளரைக் கழுவ உள்ளே போனேன். சமையல் பக்கத்து சுவிட்ச்சில் பொட்டே இல்லை. கரியும் எண்ணெயும் படிந்த விரல் தடம்தான் இருந்தது.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அடுத்த வீட்டிலும் அதே கதை. முன்னறையில் பொட்டு இருக்கிறது, சமையல் பக்கம் அழிந்திருக்கிறது. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. அங்கேதான் என் மண்டையில் உறைத்தது. சுவிட்ச்சின் மேல் வைத்த பொட்டு, விரல் படாமல் இருந்தால்தானே குலையாமல் இருக்கும்? விளக்கு வந்த அன்று எரியவிட்டுப் பொட்டு வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு விரல்கூட அதன்மேல் படவில்லை. பொழுது சாய்ந்து லைன் வந்ததும் அந்த விளக்கு எரிகிறது, விடிந்து லைன் நிற்கிறவரை எரிகிறது, ஊரில் எல்லோரும் தூங்கினாலும் எரிகிறது. படுக்கப் போகும்வரைக்கும் என்று நாங்கள் போட்ட கணக்கை, ஊர் விடிய விடிய எரித்துக்கொண்டிருந்தது.

ஓடினேன். செல்வி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சமையல் பக்கத்திலும் பொட்டு இல்லை, முன்னறையிலும் இல்லை. இரண்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எனக்கு அந்த சுவிட்ச்சை முத்தமிடலாம் போல இருந்தது.

சாரைக் கூட்டிவந்தேன். அவர் ஒவ்வொரு வீடாக வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பொட்டைப் பார்த்தார். கடைசியில் பெரியதம்பியை அவர் வீட்டு சுவிட்ச்சின் முன்னால் நிறுத்தினார். வாசல் நிறைய ஆட்கள்.

"இந்தப் பொட்டு யாரு வெச்சதுங்க ஐயா?"

"நான்தான். லைட்டு வந்த அன்னிக்கு."

"அதுக்கப்புறம் யாரும் இதத் தொடலியா?"

"எப்படித் தொடுவாங்க? மாடத்து வெளக்காச்சே. ஏத்தின வெளக்க கையால அணைப்பாங்களா? எண்ணெ தீர்ந்தா அதுவா மலையேறும். இதுவும் விடிஞ்சா அதுவா மலையேறிடு..."

பாதியில் நிறுத்திவிட்டார். புத்திசாலி மனிதர். சாரைப் பார்த்தார், பேட்டரி அறை இருக்கிற திசையைப் பார்த்தார், பிறகு செல்வியைத் தேடினார்.

"உன்னத்தான் சொல்லிகினு இருந்தோம்மா," என்றார்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பையைத் தோளில்கூட மாட்டிக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப இவ வீட்டுல மட்டும் பொட்டு எப்படி அழிஞ்சுது? தெனமும் மாடத்து வெளக்க அணைச்சிகினு இருந்தாளா?"

கூட்டம் மறுபடியும் அவள் பக்கம் திரும்பியது. கரண்ட் திருடி என்ற பெயர் போய், வீட்டு விளக்கை அணைத்தவள் என்ற பெயர் வந்தால், அந்த ஊரில் அவள் கொடுக்கிற சட்டையை எந்தப் பிள்ளை போடும்? அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் காட்டிய சாட்சியே அவளுக்கு எதிராகப் போய் நின்றது.

செல்வி முன்னால் வந்தாள். "நான் அணைக்கல. படுக்கறதுக்கு முன்னாடி மாடத்துல அகல ஏத்துவேன். அது எரியறதப் பாத்துட்டுத்தான் மேல இருக்கறத நிறுத்துவேன். பெரிய வெளக்குலேருந்து சின்ன வெளக்குக்கு மாத்தறேன், அவ்ளோதான். இந்த மாடம் ஒரு ராத்திரிகூட இருட்டா இருந்ததில்ல. சந்தேகம்னா வந்து பாருங்க, எண்ணெக் கறை இருக்குது."

பார்த்தார்கள். மாடத்தில் பளபளவென்று புது எண்ணெய்க் கறை இருந்தது. பெரியதம்பி தொட்டு முகர்ந்தார். "மாத்தினா தப்பில்ல," என்றார். "கோயில்லகூட ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு மாத்தறதுதான்." பெண்கள் முணுமுணுப்பை நிறுத்தினார்கள்.

சார் என் பக்கம் திரும்பி, "எல்லாரையும் அகல் ஏத்தச் சொல்லலாம், ஆனா சீமெண்ணையும் எண்ணையும் வேணாம்னுதான வந்தோம். இன்னா பண்ணலாம்?" என்றார். என்னைக் கேட்டார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னைக் கேட்டார்.

மாற்றுவது என்ற சொல் என் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. ஆரணியில் கீழே தறியும் மேலே நூல் சுற்றுகிற இடமுமாக இருக்கிற வீடுகளில் நான் எத்தனை மாடிப்படி சுவிட்ச் மாட்டியிருப்பேன். கீழே போட்டு மேலே நிறுத்துவதற்கான சுவிட்ச் அது. அதற்கு ஒரு குணம் உண்டு. சாதாரண சுவிட்ச்சுக்கு ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் அணையும். மாடிப்படி சுவிட்ச்சுக்கு அணைகிற பக்கமே கிடையாது. இந்தப் பக்கம் தட்டினால் இந்த ஒயருக்குப் போகும், அந்தப் பக்கம் தட்டினால் அந்த ஒயருக்குப் போகும். ஒரு ஒயரில் இப்போதிருக்கிற பெரிய விளக்கு. இன்னொன்றில், மாடத்துக்குள் ஒரு மினுக்கட்டாம்பூச்சி அளவுக்குக் கரண்ட் தின்கிற சின்ன எல்.இ.டி. பெரியதை நிறுத்தினால் அதே நொடியில் சின்னது எரியும். வீட்டில் யார் நினைத்தாலும் விளக்கை அணைக்கவே முடியாது.

தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினேன். சார் பார்த்தார். என் பையைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "போளூர் போ. சுவிட்ச் எவ்ளோ கெடைக்குதோ வாங்கிகினு வா," என்றார்.

மழையோடு மழையாக எல்லா வீட்டிலும் மாட்டினோம். முதலில் பெரியதம்பி வீடு. பழைய சுவிட்ச்சைக் கழற்றும்போது பொட்டு உதிராமல் அவரே கையில் வாங்கி மாடத்தில் வைத்தார். பொழுது சாய்ந்து லைன் வந்தது, பெரிய விளக்கு எரிந்தது. அவர் மனைவி பயந்துகொண்டே புது சுவிட்ச்சைத் தட்டினார். பெரியது நின்றது, மாடத்துக்குள் சின்னது மஞ்சளாக எரிந்தது. திரும்பத் தட்டினார், பெரியது வந்தது. மறுபடி தட்டினார். குழந்தை மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார்.

"போதும்டி, தேஞ்சிடப்போவுது," என்றார் பெரியதம்பி.

"தேயட்டும், தேயத்தான வெச்சிருக்கு," என்றார் அந்த அம்மா.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அடிக்கடி மேல்காட்டுக்குப் போனேன். சார் சொல்லி அனுப்பியதைவிட அதிகமாகவே போனேன், ஆசைதான் காரணம். ஒவ்வொரு முறையும் குழாயில் மிதவை கொஞ்சம் மேலே நின்றது. கார்த்திகைக்குப் பக்கத்தில் சூரியனையே பார்க்காத ஒரு வாரம் வந்தது. அப்போதும் ஊரில் விளக்கு நின்றுபோகவில்லை. செல்வியின் மெஷின் டர்ரென்று ஓடியது, யாரும் அதை முறைக்கவில்லை. பொங்கலுக்குமுன் சீருடை மூட்டை பள்ளிக்கூடத்துக்குப் போனது. அன்று சார் மேலிடத்துக்குப் போன் பண்ணினார். "கழட்ட வேணாம். மழைக்காலம் முடிஞ்சிடுச்சு, வேலையும் முடிஞ்சிடுச்சு," என்றார். வேலை முடிந்தது என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒருமுறைதான். மாடியிலிருந்து இறங்கித் தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் என் கையால் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப்பின் மலையில் நாங்கள் வேலை செய்த எல்லா ஊரிலும் மாடத்துக்கு அந்த சுவிட்ச்தான். போளூர் ஹார்டுவேர் கடையில் மலை ஆட்கள் வந்து "ஆரணி சுவிட்ச் குடுங்க" என்று கேட்பார்கள். கடைக்காரர் ஏன், எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். சில வருஷம் கழித்து மேல்காட்டுக்கே அரசாங்கக் கம்பமும் வந்தது. கரண்ட்டுக்குக் குறைவில்லை, சாதாரண சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒயரிங் ஆட்கள் சொன்னதற்கு, யாரும் கேட்கவில்லையாம். இதைக் கேட்டு நான் பெருமைப்படாமல் இருக்க முடியுமா? பட்டேன், இன்னும் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் செல்வி போன் செய்தாள். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய கொட்டகை போட்டிருக்கிறாளாம், வரிசையாக மெஷின், கூரைமேல் சொந்தமாகப் பேனல். திறந்துவைக்க வர வேண்டும் என்றாள். கிளம்புவதற்கு முன் ஜெயபால் சாருக்குப் போன் போட்டேன். அவரால் இப்போது மாடிப்படிகூட ஏற முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கைய பின்னாடி கட்டிக்கோ," என்றார்.

இப்போது ஊர்வரை வண்டி போகிறது. கொட்டகை வாசலில் பெரியதம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என்னைக் கண்டு எழுந்தார். உள்ளே பெண்கள் ஆளுக்கொரு மெஷினின் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய சுவிட்ச். நான் போய் அதன்முன் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

செல்வி சிரித்தாள். "சார், சுவிட்ச்சு போடறதுக்கு உங்களக் கூப்பிடல. அத நாங்க போட்டுக்குவோம்." ஒரு தட்டை நீட்டினாள். சந்தனமும் குங்குமமும் இருந்தன. "நீங்க பொட்டு வைங்க. நாங்க வேல செஞ்சி அழிக்கறோம்."

சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தேன். வட்டமாக, அழகாக வந்தது. செல்வி ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, பொட்டின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எல்லா மெஷினும் ஒன்றாக டர்ரென்று கிளம்பின. சிவந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் தன் மெஷினுக்குப் போனாள்.